அட்டைப்பெட்டிக்குள் ஒரு ஆறுபொட்டு வண்டு

புதன்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்கு, மன்னார்குடியில் நான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்துக்கு என் மனைவியின் தம்பி சேகர் திருப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அலுவலக எண்ணுக்கு வீட்டுச் செய்தி வந்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். யாரும் இறக்கவில்லை. ஒரு வண்டு இறந்திருந்தது.

சேகர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் துணி வாங்குபவருக்கும் இங்கே தைப்பவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்ளும் வேலை அது. அவர்கள் அனுப்பிய குழந்தைகள் பனியன் பெட்டி ஒன்றைக் கடலுக்கு அப்பால் பிரித்தபோது, உள்ளே ஒரு கறுப்பு வண்டு செத்துக் கிடந்திருக்கிறது. வாங்கியவர் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். இது என்ன பூச்சி? எங்கே உள்ளே புகுந்தது? பொறுப்பானவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? சனிக்கிழமைக்குள் படத்தோடு எழுத்தில் பதில் வேண்டும்.

"எங்க அத்தான் வண்டு போட்டோ எடுக்கறவர்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றான் சேகர்.

சொல்லியிருக்க வேண்டாம். பதினொரு வருடமாக வயல் வரப்புகளில் தரைவண்டுகளைத் தேடிப் படம் எடுத்து, நாள், மணி, இடம், மண், நீளம் என்று குறிப்பேட்டில் பதிந்துவருகிறேன் என்பது உண்மைதான். தரைவண்டு என்றால் தரையில் ஓடி மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற இனம். சாணி உருட்டுவது வேறு, தென்னையைத் துளைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை என் மனைவிக்கே இன்னும் விளக்கி முடியவில்லை. அப்படியிருக்க ஒரு பனியன் கம்பெனிக்கு விளக்க மூன்று நாள் விடுப்புப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் "குடும்பக் காரியம்" என்று எழுதினேன்.

வியாழன் காலை ஆறு பத்துக்குத் திருப்பூரில் இறங்கினேன். ஐப்பசி மாதம், மேகம் மூடியிருந்தது. எங்கள் ஊரில் ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்பார். இங்கே எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். மண்ணரை என்ற பகுதியில் ஒரு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது அதே சாமி பெயரில் இருந்த வேறு கம்பெனி. காவலாளி மிகுந்த மரியாதையோடு, அதே பெயரில் அந்த வட்டாரத்தில் இன்னும் மூன்று இருப்பதாகச் சொன்னார். மூன்றாவதில் சேகர் இருந்தான்.

காலை உணவு பேக்கரி வாசலில். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் மனிதர்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள். இங்கே ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடி ஒரு கையில் டீயும் மறு கையில் பப்ஸுமாக இருந்தார்கள். பப்ஸின் பாதி என் சட்டையில் உதிர்ந்தது. சேகர் தட்டிவிட்டுக்கொண்டே, முதலாளி நாச்சிமுத்து எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிட வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டேன். "பொறுத்துக்குங்க அத்தான்" என்றான். மூன்று நாளும் அவன் சொன்ன ஒரே ஆலோசனை அதுதான்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரலே உயராத மனிதர். சாப்பிட்டீர்களா என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். பிறகு மின்னஞ்சலில் வந்த படத்தின் அச்சுப் பிரதியை மேசைமேல் வைத்தார்.

அதைப் படம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. வாங்கியவர்களே அச்செடுத்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள்; அவர்கள் அச்சு இயந்திரத்தில் ஏதோ ஒரு மை தீர்ந்து, கணினித் திரையிலும் எல்லாமே இளஞ்சிவப்பாக இருந்தது. வண்டின் பின்பாதி மட்டும் தெரிந்தது. தலையும் கழுத்தும் படத்துக்கு வெளியே. பக்கத்தில் அளவுக்காக ஒரு பேனா. ஓரத்தில் அட்டைப்பெட்டியின் மூலை. தையல் அரை அங்குலம் விலகினால் அதை நான்கு கோணத்தில் படம் எடுத்து அனுப்புகிறவர்களாம். ஒரு வண்டை முழுசாக எடுக்கத் தெரியவில்லை.

முதுகில் நான்கு பொட்டுகள் இருந்தன. அங்கேதான் சிக்கல். நான்கு பொட்டுத் தரைவண்டு ஒன்று உண்டு. பொட்டு ஆரஞ்சு நிறம், முதுகில் ஆழமான வரிகள், ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் வாழும். எங்கள் வாய்க்கால் ஓரங்களில் ஏழு முறை பதிந்திருக்கிறேன். இன்னொன்று ஆறுபொட்டு வண்டு. அதற்கு முதுகில் நான்கு, கழுத்தில் இரண்டு, எல்லாம் வெள்ளை. லத்தீன் பெயருக்கும் ஆறு துளி என்றுதான் பொருள். அது காய்ந்த செம்மண் காட்டில் வாழ்வது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேனே தவிர நேரில் பார்த்ததில்லை. கழுத்து தெரியாத, நிறம் கெட்ட ஒரு படத்தை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. உயிரோடு ஒன்றைப் பிடித்து, அதே கோணத்தில், அதே பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும் என்று சொன்னேன்.

"எத்தன நாளானாலும் பாருங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆனா சனிக்கிழமைக்குள்ள சொல்லிப்போடுங்க. அந்தப் பேக்கிங் அம்மாவ அனுப்பறதா, வேண்டாமான்னு அதுக்கப்பறந்தான் முடிவு பண்ணோணுங்க."

அந்த அம்மாள் யார் என்று விசாரித்தேன். ஜெபமணி, பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து எட்டு வருடமாக இதே கம்பெனியில் இருக்கிறார். கணவர் சாய ஆலையில் வேலை. இரண்டு பிள்ளைகள் மண்ணரையில் படிக்கிறார்கள். பின்னால் சாக்கடை ஓடும் இந்தக் கம்பெனிக்குள் ஈரத்தில் வாழும் வண்டு புகுந்தது என்று நான் சொன்னால் பொறுப்பு அவருடையது, வேலை போகும். எனக்கு அந்த நிமிடமே ஊருக்குத் திரும்பிவிடத் தோன்றியது. வரப்பில் நான் எடுக்கும் படங்களால் இதுவரை யாருக்கும் வேலை போனதில்லை.

பேக்கிங் மூன்றாவது மாடியில் இருந்தது. சிமென்ட் தரை, ஜன்னல்களுக்கு வலை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். துணிக்குள் ஒடிந்த ஊசி முனை இருந்தால் கண்டுபிடிக்க ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். பனியன்கள் அதற்குள் வரிசையாகப் போய் வந்தன. எறும்பின் கால் அளவு ஊசிக்கு இயந்திரம் இருக்கிறது, கட்டைவிரல் நீள வண்டுக்கு இல்லை.

ஜெபமணி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் மூலைகளைத் துழாவினேன். அதற்குள் செய்தி பரவி, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆட்கள் பாலித்தீன் கவரில் எதையாவது கொண்டுவர ஆரம்பித்தார்கள். இரண்டு கரப்பான், ஓர் அரிசி வண்டு, ஒரு சிலந்தி, ஒரு சட்டைப் பொத்தான். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வந்தார்கள். இரண்டு பீகார்த் தொழிலாளிகள் இந்தியில் பேசிக்கொண்டதைச் சேகர் எனக்கு மொழிபெயர்த்தான். கம்பெனியில் எத்தனை கரப்பான் இருக்கிறது என்று எண்ண அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது, எண்ணிக்கை குறைந்தால் அபராதமாம்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குப் போனேன். பக்கத்தில் சாக்கடை. தண்ணீர் அன்று ஊதாவாக ஓடியது. நிழல் இருந்தது, ஈரம் இருந்தது, புரட்டக் கற்கள் இருந்தன. நான்கு பொட்டு வண்டுக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. முதல் கல்லைப் புரட்டும்போது பின்னால் நிழல் விழுந்தது. ஜெபமணி சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்திருந்தார்.

"கெடச்சா எனக்கு வேல போயிரும். கெடைக்கலன்னா?" என்று கேட்டார்.

கிடைக்கவில்லை என்பது இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, பதினொரு வருடத்தில் நான் கற்றது அதுதான் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"அப்பம் கெடச்சாலும் போச்சு, கெடைக்காட்டாலும் போச்சு. நல்லாத்தான் படிச்சிருக்கிய சார்."

இருபத்திரண்டு கற்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கூடவே குனிந்து பார்த்தார். பூரான், மண்புழு, அரிசி அளவில் சின்னக் கறுப்புத் தரைவண்டு இரண்டு. அவற்றைப் படம் எடுக்கப் போனபோது கேமராவில் பேட்டரி தீர்ந்தது. டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து நான் வண்டுகளைத் தேடிய நேரத்தைவிடப் பென்சில் பேட்டரி தேடிய நேரம் அதிகம். தெருமுனைக் கடையில் நான்கு வாங்கிப் போட்டேன். ஒரே ஒரு படம் விழுந்தது. அதோடு அவையும் முடிந்தன. கடைக்காரர் மிகுந்த வருத்தத்தோடு, அது சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் போடுகிற பேட்டரி என்றார்.

திரும்பி வந்தபோது ஜெபமணி கல்லின்மேல் உட்கார்ந்து அந்த அச்சுப் பிரதியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை யாரும் அதை அவரிடம் காட்டவே இல்லையாம். பெட்டியின் மூலையில் விரலை வைத்தார்.

"இது நா ஒட்டுன பெட்டி இல்ல. பிரவுன் டேப்பு போட்டிருக்கு. எங்க செக்‌ஷன்ல கண்ணாடி டேப்புதான். வாங்குதவுக ஆளு வந்து பாத்துட்டு, அதத்தான் போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காவ."

படத்தின் நிறம் கெட்டிருக்கிறதே என்றேன். நிறம் கெடலாம், கண்ணாடி டேப்புக்கு அடியில் அட்டையின் எழுத்து தெரியும், இதில் எழுத்து மறைந்திருக்கிறது என்றார். பார்த்தேன். மறைந்துதான் இருந்தது. அரை நாளாக நான் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரே சொன்னார். வாங்குகிறவரின் ஆள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்த்து, இங்கேதான் தைக்க வேண்டும், இங்கேதான் பெட்டி கட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கப்பலுக்கு நாள் நெருங்கும்போது அவ்வளவு பெட்டியையும் ஒரே மாடியில் கட்ட முடியாது. பாதி பனியன் டெம்போவில் வெளியே போகும். எங்கேயாவது ஒரு கொட்டகையில் இஸ்திரி போட்டுப் பெட்டி கட்டி நேராகத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். எந்தக் காகிதத்திலும் இருக்காது. இந்த முறை டெம்போ போனது பொங்கலூருக்கு.

முதலாளியிடம் இதைச் சொல்லலாமே என்றேன்.

"அவுகளுக்குத் தெரியாததையா நா சொல்லப் போறேன்?" என்றார் ஜெபமணி.

வெள்ளிக்கிழமை பொங்கலூருக்குக் கிளம்பினேன். சேகர் கூட வரவில்லை. எங்கே போகிறேன் என்று தனக்குத் தெரியாது என்பதாகவே இருக்கட்டும் என்றான். பல்லடத்தில் பஸ் மாற வேண்டும். அங்கே இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்த நின்றுகொண்டிருந்தன. இரண்டு நடத்துனர்களும் என் பையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். பை ஒரு பஸ்ஸில் ஏறியது, நான் மற்றதில் ஏறினேன். பை சரியான பஸ்ஸில் போனது. நான் ஏறியது தாராபுரம் சாலையில் போவது. மூன்று கிலோமீட்டர் தாண்டியபின் இறங்கி, திரும்பி வந்து, அடுத்த பஸ் பிடித்துப் பொங்கலூரில் இறங்கியபோது மணி பதினொன்று ஐம்பது. பை நிறுத்தத்துப் பேக்கரியில் பத்திரமாக இருந்தது. எங்கள் பக்கம் பஸ்கள் ஆளுக்காகக் காத்திருக்கும், பை ஒருபோதும் தனியாகப் பயணம் செய்யாது. ஆனால் அங்கே இப்படித் தொலைந்தால் திரும்பியும் கிடைக்காது என்பதையும் எழுதியாக வேண்டும்.

பேக்கிங் கொட்டகை எங்கே என்று பேக்கரியில் கேட்டேன். எந்த ரகசியமும் இல்லாமல் வழி சொன்னார்கள்.

கோழிப் பண்ணையாக இருந்த நீளமான கொட்டகை அது. கோழி விலை சரிந்த ஒரு வருடம் கூண்டுகளைக் கழற்றிவிட்டு இஸ்திரி மேசை போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் பாதிச் சுவர், மேல்பாதி கோழிகளுக்கு அடித்த கம்பி வலை. வலையின் கண்ணில் என் இரண்டு விரல் நுழைந்தது. சுற்றிலும் செம்மண் காடு, வேலியோரம் கிளுவை, சோளத்தட்டுப் போர். மேசைமேல் பழுப்பு டேப் உருளைகள் அடுக்கியிருந்தன.

கொட்டகைக்காரர் ரங்கசாமி, நாச்சிமுத்துவின் மனைவிக்கு அண்ணன். நான் மண்ணரைக் கம்பெனி மெர்ச்சண்டைசரின் அத்தான், வண்டு படம் எடுக்க வந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சாப்பிட உட்கார வைத்துவிட்டார். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். மூன்றாவது முறை போட்டபோது இலையைக் கையால் மறைத்தேன். கையின் மேலேயே போட்டார்.

அச்சுப் பிரதியைக் காட்டினேன். ஒரு பார்வைதான்.

"ஏனுங்க, இது பொட்டு வெச்ச வண்டுங்களே. மழ பேஞ்சாச் சாளை வாசல் பூரா ஓடுமுங்க. கையில புடிச்சுப்போடாதீங்க, பின்னால இருந்து பீச்சும். கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது."

சாளை என்றால் தோட்டத்து வீடு. கொட்டகைக்கு உள்ளேயும் வருமா என்று கேட்டேன்.

"வராம? போன பேக்கிங்கப்போ ஒண்ணு இஸ்திரி டேபிள் மேலயே ஏறிப்போச்சுங்க. பொண்ணுக அத்தனையும் ஒரே ஓட்டம். நாந்தான் செருப்புல ஒண்ணு போட்டேன். அப்பறம் தேடிப் பாக்கறேன், காணோம். எங்க போயிருக்குமுங்க?"

எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் போயிருந்தது. அவர் என் இலையில் இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பகல் முழுவதும் வெயில் அடித்தது. வண்டு எதுவும் வெளியே வரவில்லை. வெயிலில் அது வராது, விடிகாலையில் பாருங்கள், இங்கேயே தங்கிவிடுங்கள் என்றார் ரங்கசாமி. மாலையில் ஒரு மழை பெய்தது. தங்கினேன். அவர் மகள் டார்ச் லைட்டிலிருந்து நான்கு பேட்டரிகளைக் கழற்றிக் கொடுத்தாள். அவை தடிமனானவை, என் கேமராவில் நுழையவில்லை. டெலிவிஷன் ரிமோட்டிலிருந்து இரண்டு கிடைத்தன, பக்கத்துத் தோட்டத்து ரிமோட்டிலிருந்து இரண்டு. இரண்டு வீடுகளில் அன்று எழுந்து போய்ச் சேனல் மாற்றினார்கள்.

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு, வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஈரச் செம்மண்ணில் அது ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு வருடம் புத்தகத்தில் பார்த்ததை முதல்முறை தரையில் பார்க்கும்போது என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றியது. அரை நிமிடம் கேமராவை எடுக்க மறந்தேன். நல்ல கறுப்பு, முதுகில் நான்கு வெள்ளைப் பொட்டு, கழுத்தில் இரண்டு. எறும்பு வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடியது. பிறகு எல்லாம் வழக்கம்போல ஆனது. முதல் படத்தில் மண். இரண்டாவதில் என் கட்டைவிரல். பேனாவைப் பக்கத்தில் வைத்தால் அது பேனாவைச் சுற்றிக்கொண்டு ஓடியது. தலையைத் தாழ்த்தி நெருங்கியபோது ரங்கசாமி சொன்னது நடந்தது. கண்ணுக்கு அல்ல, மூக்குக்கண்ணாடிக்கு. புளிச்ச காடி போல ஒரு நெடி. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எதுவும் சரியாகத் தெரியாமலே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களில் ஒன்று, நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

பின்பாதி, அதே கோணம், அதே மாதிரிப் பேனா. மின்னஞ்சல் படத்தில் பேனா மூடியின் நீளமும் வண்டின் முதுகும் என்ன விகிதமோ அதே விகிதம். முதுகில் ஆழமான வரி இல்லை. பொட்டுகளின் இடம் ஒன்றே. சந்தேகத்துக்கு இடமில்லை.

பதினொன்றேகாலுக்கு மண்ணரையில் இருந்தேன். பிரவுசிங் சென்டரில் படத்தை அச்செடுத்து, ஒரு பக்கத்தில் என் அறிக்கையைக் கையால் எழுதினேன். வண்டின் பெயர். திறந்த செம்மண் நிலத்தில் வாழ்வது. பறக்காதது, மூன்றாவது மாடிக்குத் தானாக ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. கம்பெனியைச் சுற்றித் தேடியதில் இது கிடைக்கவில்லை. ஒப்பிட எடுத்த படம்: பொங்கலூர், கொட்டகைக்கு அருகில், சனி காலை ஐந்து ஐம்பது.

நாச்சிமுத்து நிதானமாகப் படித்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு, "வண்டு பேரு எழுதுங்க, வேணுமுங்க. ஊரு பேரு எதுக்குங்க?" என்றார்.

இடம் எழுதாத படம் படமே இல்லை என்றேன். தூக்கமில்லாமல் எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது, குரல் உயர்ந்துவிட்டது. மூன்று நாள் விடுப்பு, தவறான பஸ், ஊதாச் சாக்கடை, கடிகாரப் பேட்டரி, இவ்வளவுக்கும் பிறகு எங்கே எடுத்தது என்பதை மட்டும் விட்டுவிடு என்றால் நான் எதற்கு வந்தேன் என்று கேட்டேன். சேகர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

நாச்சிமுத்து கோபப்படவில்லை. இதை அப்படியே அனுப்பினால் அடுத்த ஆர்டர் வராது, கீழே நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அப்போது அந்த அம்மாளை அனுப்புவது நியாயமா என்று கேட்டேன். இல்லை என்று அவரே சொன்னார். நியாயமில்லை என்பது நேற்றே தெரியும், ரங்கசாமி போன் செய்து என்னைப் பற்றியும் செருப்படி பட்ட வண்டைப் பற்றியும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாராம்.

எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். ஜெபமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, உன்மேல தப்பில்லீன்னு சார் கண்டுபுடிச்சுட்டாரு. திங்கக்கெழமையில இருந்து நீ பொங்கலூர் போயிரு. அங்க உன்னாட்டம் பாக்கறதுக்கு ஆளில்ல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாங்குகிறவருக்கு எழுதும் பதில் ஏற்கெனவே கணினியில் இருந்தது. பூச்சியின் பெயர் என் படத்தோடு. துறைமுகம் போகும் வழியில் புகுந்திருக்கலாம். பேக்கிங் பொறுப்பாளர் ஜெபமணி இந்தக் கம்பெனியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். அந்தக் கடைசி வரியில் ஒரு பொய்யும் இல்லை. காகிதத்தில் இல்லாத ஒரு கொட்டகைக்கு அவரை அனுப்பிவிட்டால் அவர் இங்கே இல்லைதானே. தப்பில்லை என்று நான் நிரூபித்ததற்குக் கிடைத்தது இது. எழுந்து ஏதோ சொல்லப் போனேன். ஜெபமணி என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொட்டகைக்குச் சின்னக் கண்ணு வலை அடிச்சுத் தரணும்" என்றார் நாச்சிமுத்துவிடம். "காலையில வண்டி வரணும், சாயந்திரம் ஆறு மணிக்குள்ள பிள்ளையள்ட்ட வந்து சேரணும். கண்ணாடி டேப்பு வேணும்."

ஆகட்டும் என்றார் அவர்.

"அந்தப் பதில்ல எம்பேரு வரக் கூடாது."

அவர்கள் பெயர் கேட்கிறார்கள் என்று நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார். பதிலில் பெயர் இருந்தால் தான் போகப்போவதில்லை, பொங்கலூருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஜெபமணி. அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நாச்சிமுத்து சேகரைப் பார்த்து, பேரை எடுத்துவிட்டுப் பொறுப்பாளர் என்று மட்டும் போடச் சொன்னார். சேகர் எடுத்தான். ஜெபமணி மேசையைச் சுற்றிப் போய்த் திரையில் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். நாச்சிமுத்து சாப்பிட்டுப் போகச் சொன்னார், மாட்டேன் என்றேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஜெபமணி பின்னால் வந்தார்.

"நீங்க எழுதுன காயிதம் எங்க சார்?"

என்னிடம்தான் இருக்கிறது, அது யாருக்கும் வேண்டாம் என்றேன்.

"எனக்கு வேணும்."

கொடுத்தேன். படியில் நின்றபடி முழுசாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எம்பேரே இல்லியே."

இது வண்டைப் பற்றிய அறிக்கை என்றேன்.

"வண்டு பேரு மூணு எடத்துல இருக்கு. நாளைக்கு அந்தக் கொட்டகையில வேற எதுனாச்சும் பெட்டிக்குள்ள போச்சுன்னா, முன்னால வண்டு போனதும் இவளாலதான்னு சொல்லுவாவ. அவுக எழுதுத காயிதத்துல எம்பேரு வரக் கூடாது. இதுல வரணும்."

படியில் உட்கார்ந்தேன். பையின்மேல் தாளை வைத்து, கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். படத்தில் உள்ள பெட்டியில் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அந்த டேப்பை நான் பொங்கலூர்க் கொட்டகையில் பார்த்தேன், மண்ணரைப் பேக்கிங் பிரிவில் பார்க்கவில்லை. பிரிவின் பொறுப்பாளர் ஜெபமணி. கிழமையும் மணியும் போட்டு இன்னொரு கையெழுத்துப் போட்டேன். மேலே மணி அடித்தது, சாப்பாட்டு நேரம் முடிந்தது.

அவர் போகவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஞா. ஜெபமணின்னு போடுங்க சார். இங்க இன்னொரு ஜெபமணி இருக்கா, பாவம், அவளும் பேக்கிங்தான்."

பெயருக்கு முன்னால் இடம் விடாமல் எழுதியிருந்தேன். மேலே ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டு எழுத்தைச் சேர்த்தேன். மை காயும்வரை அவர் தாளை விசிறினார். நான்காக மடித்து, கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் செருகினார். உறை கொஞ்சம் புடைத்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திச் சமன் செய்துகொண்டு மேலே ஏறிப் போனார்.